பாலுசாமி தீட்சிதர் பிடில் பயின்றது

காவிரியின் கடைமடைக் கிளைகளாகிய கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக்கு அருகே அலையாத்திக் காடுகளினூடே புகுந்து கடலோடு கலக்கின்றன. அவ்வூரிலிருந்து நெல்வயல்களின் நடுவே வடக்கு நோக்கிச் செல்வோர் திருத்துறைப்பூண்டியைக் கடந்து திருவாரூரை அடைவர். இவ்வழியிலுள்ள ஊர்களில் கோயில் விழாவென்றால் பாட்டுக் கச்சேரியும் உண்டு. பாடுகின்றவருக்கு அருகே ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் அடிப்பாகத்தைத் தோளோடு அணைத்து, அதன் தலைப்பாகத்தை வலக்காலின்மேல் ஊன்றி, வில்லால் இழைத்து வாசிப்பார். அவ்விசைக்கருவி வேற்று நாட்டிலிருந்து வந்தது என்பது கேட்போர் பலருக்கு நினைவிலும் எழாது. நாகசுரமும் வீணையும் போலவே அதுவும் தொன்றுதொட்டு நம் மண்ணில் வழங்கி வந்தது என்றே எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் இசையரங்கில் அதற்கு இடமே இருந்ததில்லை. ஐரோப்பியர் ஒருவரிடம் மாணவராக இருந்து அதனை முறைப்படி பயின்று, நம் இசைக்கு உரியதாக ஆக்கியவர் திருவாரூரிற் பிறந்த பாலுசாமி தீட்சிதர் ஆவர்.

பாலுசாமி தீட்சிதர் 1786ஆம் ஆண்டில் பிறந்தார். அதற்கு 5 ஆண்டுகள் முன்னரே, 1781இல், ஐதர் அலியின் படைகள் தஞ்சைச் சீமையுட் புகுந்து வயல்களையும் ஊர்களையும் பாழாக்கியிருந்தன. சோழநாடு சோறுடைத்து என்னும் பெயர் சில காலம் பெயரளவில் நின்றது. அத்தகைய காலத்தும் திருவாரூரில் தியாகராசப் பெருமானுடைய சந்நிதியை அண்டி இசை வாழ்ந்தது. பாலுசாமியின் தந்தையார் இராமசாமி தீட்சிதர், தஞ்சையில் வீரபத்திரையர் என்னும் பெரியாரிடம் இசை பயின்றவர். அம்சத்வனி என்னும் இராகத்தை உலகிற்கு அளித்தவர் என்று போற்றப்படுபவர். அவருக்கு முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி என ஆண்மக்கள் மூவரும், பாலாம்பாள் என்னும் பெண்மகளும் இருந்தனர். மூத்தவராகிய முத்துசாமி தீட்சிதர் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகப் பிற்காலத்தில் விளங்கினார். அத்தகைய தமையனார்க்குத் தம்பியாகப் பிறப்பது ஒருவகையிற் பெரும்பேறு. மற்றொருவகையில் தனிப்பெயர் பெறுவதற்குத் தடையும் ஆகும். பாலுசாமிக்கு இவ்விரண்டுமே வாய்த்தன.

மணலி என்பது சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரை அடுத்துள்ள ஊர். அவ்வூர்ச் செல்வராகிய முத்துகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். கும்பினித் துரைமார்களுக்கும் நம் நாட்டு வணிகர்களுக்கும் இடையே நின்று காரியங்களை முடித்துவைப்பது அவர் தொழில். இம்முதலியாருடைய அழைப்பை ஏற்று, இராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு திருவாரூரை விட்டு மணலிக்குக் குடியேறினார். முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பின், சின்னையா முதலியார் என்று வழங்கிய அவர் மகனார் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அக்குடும்பத்தைப் போற்றி ஆதரித்தார். முத்துசாமி தீட்சிதர் சிதம்பரநாத யோகி என்னும் துறவியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கி மீண்டதும் இக்காலத்திலேதான்.

சென்னைப்பட்டினத்துக் கோட்டையில் அக்காலத்தே கும்பினியாரின் பாண்டு வாத்தியம் முழங்கும். சின்னையா முதலியார் தீட்சிதர் சகோதரர்களை அங்கே அழைத்துச் சென்று அவ்விசையைக் கேட்கச் செய்வது வழக்கம். மரபிசையில் ஊறிய குடும்பத்தினர் அதனை இகழ்ந்து ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. மேனாட்டாரின் மெட்டுக்கள் பல நம் சங்கராபரண இராகத்தின் சுரங்களோடு ஒத்திருப்பதை அவர்கள் உணர்ந்தனர். முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுக்கள் சிலவற்றிற்கு வடமொழியில் பாடல் அமைத்தார். நோட்டுசுர சாகித்தியம் என்று இன்றும் சிறுவர்க்குக் கற்பிக்கப்படும் பாடல்கள் அவையே. அவ்வகையில் 40 அளவிலான பாடல்கள் வழங்குகின்றன.

தமையனார் மெட்டை எடுத்துக்கொண்டார். தம்பியார் கருவியை எடுத்துக்கொண்டார். இவ்விரண்டனுள் எளியது எது என்று கேட்டால், மெட்டு எளிது என்றே சொல்லவேண்டும். காதிற் கேட்ட மெட்டை வல்லவர் ஒருவர் ஒரு நாளிலேயே மனத்திற் கொள்ளுதல் கூடும். கருவியோ கைக்கு அடங்கவேண்டும். கை அடங்குவதற்குக் காலம் வேண்டும்.

பாலுசாமியின் விருப்பத்தைக் கண்ட முதலியார், பிடில் வாசிப்பதில் வல்ல ஐரோப்பியர் ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்தி அவருக்குக் கற்பிக்கச் செய்தார். இது நம் நாட்டு முறைக்குப் புதியது. நம் மரபில் மாணவன் ஆசிரியரின் வீட்டிற் சென்று தங்குவான், தண்ணீர் கொணர்வான், துணி துவைப்பான், ஆசிரியர் மனமுவந்து பாடும்பொழுது அருகிருந்து கேட்பான். பொருள் கொடுத்துக் கற்றல் அரிது. தொண்டு செய்து கற்றலே பெருவழக்கு. அவ்வாறு கற்பவன் தன் இளமையில் ஏழோ பத்தோ ஆண்டுகளைக் காணிக்கையாக வைக்கிறான். பாலுசாமியின் கல்வியிலோ ஆசிரியருக்குரிய காணிக்கையை வேறொருவர் பணமாகச் செலுத்தினார். அதனால் மாணவர் கொடுக்கவேண்டிய விலை குறைந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. ஆசிரியருடைய மொழி வேறு, உண்ணும் உணவு வேறு, வணங்கும் தெய்வம் வேறு, இசையிற் சுவை என்று அவர் கருதுவதும் வேறு. ஒரு குடும்பத்தில் தந்தையும் தமையனும் ஒரே மரபைப் போற்றி வாழும்பொழுது, இளையவர் ஒருவர் நாள்தோறும் வேற்று மரபினர்முன் அமர்ந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்குதல் எளிய செயலன்று. முன்னமே வீணையில் தேர்ச்சி பெற்றவர்க்கு அது இன்னும் அரிது. ஒன்றும் அறியாதவன் புதிதாக ஒன்றைக் கற்பது ஒரு பங்கு உழைப்பு என்றால், அறிந்தவன் தான் அறிந்ததை ஒருபுறம் வைத்துவிட்டுக் கற்பது இரு பங்கு உழைப்பு.

வீணைக்கும் பிடிலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தாலன்றி இவ்வுழைப்பின் அளவு விளங்காது. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுக்கள் மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருக்கும். விரல் மெட்டின்மீது பட்டவுடன் சுரம் தன் இடத்தே நிற்கும். பிடிலில் மெட்டு என்பதே இல்லை. வழுவழுப்பான கருமரப் பலகையின்மேல் நான்கு தந்திகள் மட்டும் செல்லும். விரல் எங்கே படவேண்டும் என்பதைக் கண் காட்டாது. காதும் பழக்கமுமே காட்டும். ஒரு நெல்லின் அகலம் விலகினாலும் சுருதி கெடும். வீணையில் வலக்கை விரல்கள் தந்தியை மீட்டும். மீட்டிய ஒலி சிறிது நேரம் நின்று தேயும். பிடிலிலோ குதிரைவால் மயிர் கட்டிய வில்லால் தந்தியைத் தேய்க்கவேண்டும். வில் நிற்கும்வரை ஒலி நிற்கும். மனிதக் குரல்போல நீளும். இக்குணமே பிற்காலத்தில் அதனைப் பாட்டிற்கு உற்ற துணையாக ஆக்கிற்று. ஆயினும் வில் சிறிது அழுந்தினால் ஒலி கரகரக்கும். சிறிது தளர்ந்தால் கீச்சிடும். புதிதாகப் பயில்வோர் இல்லத்தில் அண்டை வீட்டார் படும் துன்பத்தை இன்றும் காணலாம்.

அக்காலத்துப் பிடிலுக்கு ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த தந்திகளே பூட்டப்பெற்றன. பழந்தமிழர் யாழின் தந்தியை நரம்பு என்றே வழங்கினர். சுரத்திற்கும் அதுவே பெயராயிற்று. யாழ் நம்மிடையே மறைந்தபின், நரம்பு பூண்ட கருவி ஒன்று கடல்கடந்து வந்து நம் கையில் சேர்ந்தது வியத்தற்குரியதே.

இவற்றினும் பெரிய இடர் வேறொன்று உண்டு. மேனாட்டு இசையில் சுரங்கள் பெரும்பாலும் தனித்தனியே நிற்கும். விரல் தந்தியின்மேல் வைக்கப்படும், எடுக்கப்படும். நம் இசையிலோ சுரம் நிற்பதினும் அசைவது மிகுதி. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்வதும், ஒரே இடத்தில் நின்று ஆடுவதும், மேலே தொட்டுக் கீழே இறங்குவதும் ஆகிய கமகங்களே இராகத்திற்கு உயிர். கமகம் நீங்கிய தோடி தோடியாகாது. ஐரோப்பிய ஆசிரியர் கற்பித்தற்கு உரியது வில்லின் ஆட்சியும் விரலின் தூய்மையும் மட்டுமே. கமகத்தை அவர் கற்பித்தல் இயலாது. அதனை மாணவரே தம் குடும்பத்துச் செல்வத்திலிருந்து எடுத்து இக்கருவியிற் பொருத்தவேண்டியிருந்தது. மெட்டில்லாத பலகை கற்கும்பொழுது இடராக நின்றதே. அதுவே இப்போது உதவியாக மாறிற்று. தடையின்றி விரல் வழுக்குவதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

இவ்வாறு 3 ஆண்டுகள் பாலுசாமி தீட்சிதர் அந்த ஐரோப்பியரிடம் பயின்றார். ஓராண்டு கற்றவுடன் போதும் என்று எழுந்து, அறிந்த அளவில் நம் பாட்டை வாசிக்கத் தொடங்கியிருக்கலாம். கேட்போரும் புதுமையைக் கண்டு வியந்திருப்பர். அவர் முதலில் கருவியை அதற்குரிய முறையிலேயே கற்று முடித்தார்; அதன்பின்னரே நம் இசையை அதில் ஏற்றிப் பழகினார். இவ்வரிசையே அவர் பெருமைக்குக் காரணம் என்பது தகும். புதிய கருவியை அரைகுறையாக அறிந்து, அதனைத் தம் மரபிற்கு வளைக்க முயல்வோர் கருவியையும் கெடுப்பர், மரபையும் கெடுப்பர். பிடிலோடு வீணை, சுவரபத், சித்தார், மிருதங்கம் ஆகியவற்றிலும் அவர் வல்லவராக இருந்தார் என்று அறிகிறோம்.

இன்று நம் நாட்டில் பிடிலின் நான்கு தந்திகளும் மந்தர சட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய சட்ஜம், மத்திய பஞ்சமம் என்று சுருதி கூட்டப்படுகின்றன. மேனாட்டார் கூட்டும் முறை இதனின் வேறு. அவர்கள் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, பிடிலை மோவாயின்கீழ் இடுக்கி வாசிப்பர். மோவாயும் தோளும் அதனைத் தாங்கவேண்டியிருப்பதால் இடக்கை மேலும் கீழும் வழுக்கி ஓடுதல் அவர்கட்குச் சிறிது கடினம். நம்மவர் தரையில் அமர்ந்து காலின்மேல் தலைப்பாகத்தை ஊன்றிக்கொண்டதால் இடக்கை முழுதும் விடுதலை பெற்றது. மேடைக்கேற்ற அமைதி என்று நாம் கருதும் இது, உண்மையில் கமகத்திற்கேற்ற அமைதியே ஆகும்.

நம் இசையில் பிடிலை முதன்முதல் கையாண்டவர் யார் என்பதுபற்றிச் சிலர் வழக்கிடுவர். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் அவையில் மேனாட்டு இசைக்கருவிகள் பல இருந்தன. அவர் அமைச்சர் வராகப்பையரும் பிடிலில் வல்லவர் என்பர். தஞ்சை நால்வருள் இளையவரும் முத்துசாமி தீட்சிதரின் மாணவருமாகிய வடிவேலு பிடிலில் பெரும்புகழ் பெற்று, 1834ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தாற் செய்த பிடிலைப் பரிசாகப் பெற்றார். இவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். ஒரு பெருங்காரியம் ஒருவர் கையால் மட்டும் நிறைவேறுவதில்லை. எனினும் ஆசிரியரை அடுத்து ஆண்டுக்கணக்கில் முறையாகப் பயின்ற வரலாறு பாலுசாமி தீட்சிதருக்கே தெளிவாக உரியது.

மணலி வாழ்வு நிலையாக அமையவில்லை. குடும்பம் மீண்டும் திருவாரூருக்கே திரும்பிற்று. இராமசாமி தீட்சிதர் 1817ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். தந்தையார் மறைந்தபின் வறுமை நெருங்கிற்று. அக்காலத்தில் இசைவாணருக்கு மானியமோ மாதச் சம்பளமோ உறுதியில்லை. வள்ளல் ஒருவர் உள்ளவரை சோறு உண்டு. அவர் மறைந்தால் அடுத்த வள்ளலைத் தேடி நடக்கவேண்டும். 3 ஆண்டுகள் முயன்று கற்ற கலை, அதனை அறிந்து போற்றுவார் இல்லாத இடத்தில் ஒருவேளை உணவிற்கும் உதவாது. புதிய கருவியாயின் இன்னும் இடர். அதனை அரங்கிற் காண விரும்புவோர் சிலர், ஐயுறுவோர் பலர்.

சின்னசாமி தீட்சிதரும் பாலுசாமி தீட்சிதரும் ஒன்றாகவே புறப்பட்டு மதுரைக்குச் சென்றனர். அண்ணனும் தம்பியும் இணைந்து பாடுவது வழக்கம். மதுரையில் சின்னசாமி தீட்சிதர் காலமானார். குரலோடு குரலாகப் பல ஆண்டுகள் ஒன்றி நின்றவர் நீங்கியபின், பாலுசாமி தீட்சிதர் ஆற்றாதவராய் இராமேசுவரத்திற்கு யாத்திரை சென்றார். இசைவரலாற்று நூல்கள் இதனை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றன. தம் ஊரும் தந்தையும் தமையனும் நீங்கிய நிலையில், கற்ற வித்தை ஒன்றே துணையாக அவர் நடந்த வழி அது.

அந்நிலையில் எட்டயபுரத்து மன்னர் அவருடைய புலமையை அறிந்து அழைத்து, தம் அவையில் ஆஸ்தான வித்துவானாக அமர்த்தினார். பிற்காலத்தில் 1882இல் கவி பாரதியார் பிறந்த அந்த எட்டயபுரமேதான். கரிசல்மண் நாட்டில், காவிரி நீரின் சுவையறிந்த ஒருவர் நிலைபெற்று வாழத் தொடங்கினார். மன்னர்மீது சில உருப்படிகளும் இயற்றினார்.

தம்பியர் இருவரும் என்ன ஆயினர் என்று அறியாது வருந்திய முத்துசாமி தீட்சிதர் அவர்களைத் தேடி மதுரைக்கு வந்தார். ஒரு தம்பி மறைந்த செய்தியும், மற்றொரு தம்பி எட்டயபுரத்தில் நலமாக இருக்கும் செய்தியும் அவருக்கு ஒருங்கே கிடைத்தன. பாலுசாமிக்கு அங்கே திருமணம் நடக்கவிருப்பதாகவும் அறிந்து, அவ்வூர் நோக்கிப் புறப்பட்டார். செல்லும் வழியில் மழையின்றிக் காய்ந்து கிடந்த நிலத்தைக் கண்டு மனமிரங்கி, அமிருதவர்ஷிணி இராகத்தில் அவர் பாட மழை பொழிந்தது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. நெடுநாள் பிரிந்த அண்ணனும் தம்பியும் எட்டயபுரத்திற் கூடினர். பின்னர் முத்துசாமி தீட்சிதர், 1835ஆம் ஆண்டுத் தீபாவளி நன்னாளில் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். அவருடைய சமாதி இன்றும் அங்கே உள்ளது.

மூவருள் எஞ்சியவர் பாலுசாமி தீட்சிதர் ஒருவரே. தந்தையின் பாடல்களும் தமையன்மாரின் பாடல்களும், வேங்கடமகி வகுத்த 72 மேளங்களின் வழிவந்த இராக இலக்கணமும் ஆகிய குடும்பச் செல்வம் அனைத்தும் இப்போது அவர் ஒருவர் நெஞ்சில் இருந்தது. அதனை ஏற்பதற்கு அவருக்கு ஆண்மகவு இல்லை. தம் மகள்வயிற்றுப் பேரனாகிய பாலசுப்பிரமணியன் என்னும் சிறுவனைத் தத்து எடுத்துக்கொண்டார். 1839இல் திருவாரூரிற் பிறந்த அச்சிறுவனே பின்னாளில் சுப்பராம தீட்சிதர் என்று பெயர் பெற்றவர்.

மணலியில் மாணவராக அமர்ந்தவர் எட்டயபுரத்தில் ஆசிரியராக அமர்ந்தார். பேரனுக்குப் பாட்டும் வீணையும் கற்பித்தார். தாம் கற்றபொழுது சம்பளம் வாங்கும் ஆசிரியர் இருந்தார். தாம் கற்பித்தபொழுது சம்பளமும் இல்லை, கால எல்லையும் இல்லை. ஒவ்வொரு பாடலும் பிழையறப் பேரனுடைய நெஞ்சிற் பதியும்வரை கற்பித்தல் நடந்தது. எழுத்தில் எழுதிவைக்கும் வழக்கம் மிகாத காலத்தில், ஒரு பாடலைக் காப்பதற்கு மற்றொரு நெஞ்சையன்றி வேறு பெட்டகம் இல்லை. 1858ஆம் ஆண்டில் பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானார். அப்பொழுது சுப்பராம தீட்சிதருக்கு 19 வயது.

அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்றன. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் அறிஞர் இருந்தார். மணலி முதலியார்க்கும் இவருக்கும் பெயரளவில் ஒற்றுமை உண்டு. காலம் நூறாண்டு வேறு. இவர் மேனாட்டு இசைக்குறி முறையை நன்கு கற்று, நம் நாட்டுப் பாடல்களை அம்முறையில் எழுதி அச்சிடும் பணியில் தம் பொருளையெல்லாம் செலவிட்டவர். சுப்பராம தீட்சிதரிடமிருந்த செல்வம் அவரோடு அழிந்துவிடுமோ என்று அஞ்சி, அதனை நூலாக வெளியிடவேண்டும் என்று எட்டயபுரத்து மன்னரிடம் இவர் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டார். மன்னரும் இசைந்தார். முதுமை எய்திய சுப்பராம தீட்சிதர் நாள்தோறும் அமர்ந்து, பாட்டன் கற்பித்த பாடல்களைச் சுரப்படுத்திக் கமகக் குறிகளோடு எழுதினார். அந்நூல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெயரால் 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. மேனாட்டு இசைக்குறியின் ஒழுங்கை நன்கறிந்த ஒருவரது தூண்டுதலால் நம் மரபிசையின் பெருநூல் வெளிவந்தமையை நினைக்கும்பொழுது, கோட்டைப் பாண்டு வாத்தியத்தைக் கேட்டுநின்ற அந்தத் தீட்சிதர் சகோதரர்களை நினையாதிருத்தல் இயலாது.

அந்நூலில் இசைப்புலவர்களின் வரலாறு கூறும் பகுதி ஒன்று உண்டு. அங்கே தம் குடும்பத்துப் பெரியோரைப்பற்றி எழுதுமிடத்து, மணலியில் முதலியார் ஓர் ஐரோப்பியரை அமர்த்தியதையும், பாலுசாமி தீட்சிதர் 3 ஆண்டுகள் பிடில் பயின்றதையும் சுப்பராம தீட்சிதர் குறித்து வைத்தார். நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1906இல், அவரும் மறைந்தார்.